லீவு கேட்ட வக்கீல்

மே 1-ம் தேதி நமக்குக் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்துவிடும். அதனால் அதைத் தனி லீவு என்று நான் நினைத்ததே இல்லை. சிங்காரவேலரைப் பற்றிப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

அவர் 1860-ல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். நன்றாகப் படித்து உயர் நீதிமன்ற வக்கீல் ஆனார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்.

1886-ல் மே 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை கேட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். அந்த நாளை 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடினார். உயர் நீதிமன்றம் எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம். இந்தியாவின் முதல் மே தினம் அதுதான். அன்று யாருக்கும் லீவு கிடையாது. லீவு விட வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்.

1928-ல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்று, 68 வயதில் கைதானார். 1946-ல் மறைந்தார்.

இன்று மே 1 அரசு விடுமுறை. ஆனா எங்கப்பா கொத்தனார். அன்னிக்கும் வேலைக்குப் போனாத்தான் கூலி. சிங்காரவேலர் கேட்டது இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர்களே, இந்த மே 1 அன்று உங்கள் தெருவில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று பாருங்களேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி