ஈப்போவில் வைத்தியம் பார்த்த டாக்டர் வூ லியன் தே

ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் (இப்போது ஜாலான் சுல்தான் இத்ரீஸ் ஷா) ஒரு சீன டாக்டர் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்து வந்தார். ஏழைகளிடம் காசு கேட்பதில்லை. மஞ்சூரியாவைக் கொள்ளை நோயினின்றும் மீட்டவர் இவரே என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே அன்னாரின் சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதலானேன்.

டாக்டர் வூ லியன் தே 1879 மார்ச் 10-ந் தேதி பினாங்கில் பிறந்தார். தகப்பனார் சீனாவிலிருந்து பிழைக்க வந்து நகைத் தொழில் செய்தவர். பிள்ளை பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-ல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1903-ல் ஊர் திரும்பினால், சர்க்கார் வைத்திய இலாகாவின் பெரிய உத்தியோகங்கள் வெள்ளையருக்கே என்றிருந்தது. சொந்தமாக வைத்தியசாலை வைத்தார். அபினியை எதிர்த்துப் பேசினார். அபினியால் லாபமடைந்தோர் சும்மா இருப்பார்களா? அவருடைய மருந்தறையைச் சோதனையிட்டு, வைத்தியத்திற்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபினிச் சாரத்தைக் காட்டி அபராதம் விதிக்கச் செய்தனர். 1908-ல் அவர் சீனா சென்றார்.

1910 டிசம்பரில் ஹார்பின் நகரில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் மாண்டனர். இதற்கும் வியாபாரம் ஒரு காரணம். மர்மோட் என்னும் பிராணியின் தோலுக்கு ஐரோப்பாவில் விலை ஏறவே, அனுபவமில்லாதோரும் வேட்டைக்குப் புறப்பட்டனர். நோயுற்ற பிராணியை விலக்கும் பழக்கம் உள்ளூர் வேட்டைக்காரருக்கு உண்டு, புதியவருக்கு இல்லை.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்பது அக்காலக் கொள்கை. ஆனால் அங்கு நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்த ஜப்பானிய வைத்தியருக்குக் கிருமி அகப்படவில்லை. வூ என்ன செய்தார்? இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை இரகசியமாக அறுத்துச் சோதித்து, நுரையீரலில் கிருமியைக் கண்டார். நோய் மூச்சுக் காற்றால் பரவுகிறது என்று தீர்மானித்து, மெல்லிய துணிக்குள் பஞ்சு வைத்த முகமூடியை எல்லோரையும் கட்டச் சொன்னார். பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. முகமூடியின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில், 1911 ஜனவரி 11-ல், அதே நோயால் மரித்தார்.

பிறகு எவரும் வாதாடவில்லை. ரயில் பெட்டிகளில் நோயாளிகளோடு பழகியோரைத் தனித்து வைத்தனர். நிலம் பனியில் இறுகிக் குழி வெட்ட முடியாமல் சவப்பெட்டிகள் வரிசையாய்க் கிடந்தன. பிணத்தைப் புதைப்பதே சீனர் வழக்கம். அவர்களுடைய வேதனை நமக்கு விளங்கும். சக்கரவர்த்தியின் அனுமதி பெற்று ஜனவரி 31-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களை எரித்தார் வூ. மார்ச் 1-க்குப் பின் ஹார்பினில் நோய் இல்லை. மஞ்சூரியாவில் மாண்டோர் சுமார் 60,000. ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாட்டு வைத்தியர்கள் கூடிய மகாநாட்டிற்கு அவரே தலைமை வகித்தார்.

இன்று நம் சுகாதார அமைச்சு, நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு நிரூபணமான சிகிச்சை இன்னதென்று டாக்டர்களுக்கு வழிகாட்டி வெளியிடுகிறது. கேள்விப்பட்டதை நம்பாமல் சோதித்துப் பார்ப்பது என்ற அதே முறைதான்.

ஜப்பானியர் சீனாவில் படையெடுத்த 1937-ல் மலாயா திரும்பி ஈப்போவில் குடியேறினார். 1943-ல் கொரில்லாப் படையினர் அவரைப் பிடித்துப் பணயத் தொகை கேட்டனர். கொடுத்து மீண்டால், பணம் கொடுத்ததற்காக ஜப்பானியர் சந்தேகித்தனர்! பின்னர் தாமே நன்கொடை வசூலித்து ஈப்போவில் பேராக் நூல்நிலையம் ஏற்படப் பாடுபட்டார். அதுவே இப்போதைய துன் ரசாக் நூலகம். 1959-ல் சுயசரிதை வெளியிட்டார். 1960 ஜனவரி 21-ல், 80-ஆம் வயதில், பிறந்த ஊராகிய பினாங்கிலேயே காலமானார்.