உட்கார்ந்த இடத்திலிருந்தே கப்பலை இழுத்த ஆர்க்கிமிடிஸ்: நெம்புகோலும் கப்பியும் வேலை செய்வது எப்படி?

ஆர்க்கிமிடிஸ்னு சொன்னதுமே பலருக்கும் ஞாபகம் வருவது குளியல் தொட்டிக் கதைதான். ஆனா, ரோமப் படையை அவரது ஊருக்கு வெளியே தடுத்து நிறுத்தியது நெம்புகோலும் கப்பியும்.

யார் இந்த ஆர்க்கிமிடிஸ்?

இன்றைய இத்தாலியின் சிசிலி தீவில் இருக்கும் சிராகூஸ், அப்போது ஒரு கிரேக்க நகரம். அங்கே கிமு 287 வாக்கில் பிறந்தார். அப்பா ஃபிடியாஸ் ஒரு வானியல் அறிஞர். மன்னர் இரண்டாம் ஹீரோனுக்கு ஆர்க்கிமிடிஸ் ரொம்ப நெருக்கம்.

நெம்புகோலில் அவர் கண்டது என்ன?

நெம்பிப் பாரத்தைப் புரட்டும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. அது ஏன் பலிக்கிறது என்பதைக் கணிதமாக நிரூபித்தவர் இவர். எடையையும், தாங்குபுள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கினால், இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் 1 மீட்டர் தூரத்தில் 60 கிலோ கல் இருந்தால், மறுபக்கம் 3 மீட்டர் தூரத்தில் 20 கிலோ போதும்.

ஆனா, இது இலவசம் இல்லை. கல் 10 சென்டிமீட்டர் எழும்ப, நம்ம முனையை 30 சென்டிமீட்டர் அழுத்தணும்.

கப்பி எப்படி உதவுகிறது?

கிணற்றில் மாட்டும் ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும். பாரத்தோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பியை மாட்டினால், கயிற்றின் இரண்டு பக்கமும் எடையைப் பங்கு போட்டுக்கொள்ளும். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 100 கிலோவுக்கு 50 கிலோ அளவு இழுவை போதும். ஆனா, 1 மீட்டர் தூக்க 2 மீட்டர் கயிறு இழுக்கணும். கப்பிகள் கூடக் கூட பலம் மிச்சம், கயிறு அதிகம்.

கப்பலை இழுத்தது உண்மையா?

சின்ன விசையால் எவ்வளவு பெரிய பாரத்தையும் நகர்த்தலாம் என்று ஆர்க்கிமிடிஸ் சொல்ல, மன்னர் செய்து காட்டச் சொன்னாராம். ஆட்களும் சரக்கும் ஏற்றிய மூன்று பாய்மரக் கப்பலை, தூரத்தில் உட்கார்ந்தபடியே கப்பிக் கயிற்றால் இழுத்தார் என்கிறார் புளூட்டார்க். இது சுமார் 300 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அசந்துபோன மன்னர், போர்க் கருவிகள் செய்து தரக் கேட்டார்.

ரோமை எப்படித் தடுத்தார்?

கிமு 215-ல் ஹீரோன் இறந்ததும், சிராகூஸ் ரோமை விட்டு கார்த்தேஜ் பக்கம் சாய்ந்தது. கிமு 213-ல் ரோமத் தளபதி மார்செல்லஸ் படையோடு வந்தார். மதிலுக்கு மேலே நீண்ட உத்திரங்கள், கப்பல்கள் மீது பெரிய கற்களைப் போட்டன. இரும்புக் கொக்கிகள் கப்பலின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தன. நேரடித் தாக்குதலைக் கைவிட்ட மார்செல்லஸ், நகரைச் சுற்றி வளைத்துக் காத்திருந்தார்.

முடிவு என்ன ஆனது?

அந்தக் கருவிகளை ரோம் வெல்லவே இல்லை. கிமு 212-ல் ஆர்ட்டெமிஸ் திருவிழா கொண்டாட்டத்தில் காவல் தளர்ந்திருந்தபோது, வீரர்கள் ஏணி வைத்து மதில் ஏறினார்கள். நகரம் சூறையாடப்பட்டபோது, சுமார் 75 வயதான ஆர்க்கிமிடிஸை ஒரு ரோம வீரர் கொன்றார். அவரது சாவுக்கு மார்செல்லஸே வருந்தியதாகச் சொல்லப்படுகிறது.

அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது கப்பியோ நெம்புகோலோ இல்லை. அவர் விருப்பப்படி ஒரு கோளமும் உருளையும்தான். ஊரைக் காத்த கருவிகளைவிட, கணிதத்தைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். கிமு 75-ல் ரோம அதிகாரி சிசரோ தேடிப் போனபோது, அந்தக் கல்லறை முட்புதருக்குள் மறைந்து கிடந்தது. உள்ளூர்க்காரர்களே அதை மறந்துவிட்டிருந்தார்கள்.