எட்டுக் கோப்பைத் தேநீர்

எங்கள் வீட்டில் கோவாச் சுண்டல் ஆக்கும் நாட்களில் ஒரு வழக்கு நடக்கும். கசக்கிறதென்று தங்கச்சி பீங்கானைத் தள்ளி வைப்பாள். வாப்பாவுக்கும் எனக்கும் அதில் எந்தக் கசப்பும் தெரியாது. உம்மாவோ ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார். பிறகு சாப்பாட்டை வீணாக்காதே என்று தங்கச்சியை ஏசுவார். இப்படி மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கச்சி எப்போதும் பொய்க்காரியாகி விடுவாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் தீர்ப்புப் பிழையோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. அதற்குக் காரணமானவர் சேர் ரொனால்ட் பிஷர். புள்ளிவிபரவியலையும் பிறப்புரிமையியலையும் ஒன்றாகக் கட்டியெழுப்பிய ஆங்கிலேய அறிஞர் அவர்.

பிஷர் 1890 பெப்ரவரி 17 ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை கலைப்பொருட்களை ஏலத்தில் விற்பவர். பிஷருக்குப் பதினான்கு வயதானபோது தாய் இறந்தார். சிறிது காலத்தில் தந்தையின் தொழிலும் நொடிந்தது. பிஷரின் கண்பார்வையும் மிக மோசம். விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டதால், மாலை நேரங்களில் தாளும் பென்சிலும் இல்லாமல் காதால் கேட்டே கணிதம் படித்தார். உருவங்களை மனதுக்குள் வரைந்து பார்த்து விடை காணும் பழக்கம் அப்படித்தான் அவருக்கு வந்தது. 1909 இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். முதலாம் உலகப் போரில் படையில் சேர விரும்பியும் கண்பார்வை காரணமாக மறுக்கப்பட்டார்; பாடசாலைகளில் ஆசிரியராக வேலை செய்தார்.

1919 இல் ரொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையம் அவரை வேலைக்கு அழைத்தது. அங்கே 1843 முதல் உரப் பரிசோதனைகள் நடந்து வந்தன. குவிந்து கிடந்த கணக்குகளிலிருந்து எதை நம்புவது என்பதுதான் கேள்வி. நமது வயல்களை வைத்தே இதை விளங்கிக் கொள்ளலாம். வாய்க்காலுக்கு அருகிலுள்ள வயலுக்கு உரம் போட்டு, தூரத்து வயலுக்குப் போடாமல் விட்டால், கூடுதல் விளைச்சலைத் தந்தது உரமா, தண்ணீரா? எந்தத் துண்டுக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும், ஒரே பரிசோதனையைப் பல துண்டுகளில் திரும்பச் செய்ய வேண்டும் என்று பிஷர் வகுத்தார். இன்று ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதும் இந்த முறையில்தான்.

அந்த நிலையத்தில் ஒரு நாள் தேநீர் வேளையில் நடந்த சம்பவம் உலகப் புகழ் பெற்றது. மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானிக்குப் பிஷர் தேநீர் கொடுத்தார். அவர் அதை வாங்க மறுத்தார். கோப்பையில் முதலில் பாலை ஊற்ற வேண்டுமாம். முதலில் தேயிலைச் சாயத்தை ஊற்றினால் சுவை மாறிவிடுமாம். இரண்டும் கலந்த பிறகு எது முதலில் என்று யாருக்குத் தெரியப் போகிறது என்றே எவரும் நினைப்பார்கள். பிஷரும் நம்பவில்லை. ஆனாலும் அவரைப் பொய்க்காரியாக்காமல் பரிசோதனை ஒன்றை ஏற்பாடு செய்தார்.

பின்னர் 1935 இல் வெளியான தமது நூலில் அத்தகைய பரிசோதனையை எட்டுக் கோப்பைகளைக் கொண்டு விளக்கினார். நான்கில் பால் முதல், நான்கில் சாயம் முதல். ஒழுங்கு தெரியாதபடி கலந்து வைக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தெரிவு செய்ய 70 வழிகள் உள்ளன. எனவே எல்லாவற்றையும் குருட்டு அதிர்ஷ்டத்தால் சரியாகச் சொல்ல 70 இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நான்கில் மூன்றை மட்டும் சரியாகப் பிடிக்க 16 வழிகள் இருப்பதால், அதை நிரூபணமாக ஏற்க முடியாது. அன்று மியூரியல் சரியாகவே சொன்னார் என்று அந்த நிகழ்வை அறிந்தோர் கூறியுள்ளனர்.

பிஷர் பின்னர் உண்மையிலேயே நாவின் ஆராய்ச்சிக்குள் இறங்கினார். 1931 இல் அமெரிக்காவின் டுபொன்ட் ஆய்வுகூடத்தில் ஆதர் பொக்ஸ் என்ற இரசாயனவியலாளர் பினைல்தயோகாபமைட் என்ற தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் தாங்க முடியாத கசப்பு என்றார். பொக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கசப்புத் தெரியாது என்பதும், அது பெற்றோரிடமிருந்து வரும் இயல்பு என்பதும் பிறகு தெரிய வந்தன.

1939 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் சர்வதேசப் பிறப்புரிமையியல் மாநாடு நடந்தது. இரண்டாம் உலகப் போர் வாசலில் நின்ற நேரம் அது. அவ்வேளையில் பிஷர், ஈ. பி. போர்ட், ஜூலியன் ஹக்ஸ்லி ஆகிய மூவரும் மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்று சிம்பன்சிகளுக்கு அந்தக் கசப்புக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வெறுத்து ஒதுக்கின. சில எதுவும் நடவாததுபோல் குடித்தன. கசப்பை உணராதவற்றின் விகிதம் மனிதரிடம் உள்ளதை ஒத்திருந்தது. இந்த வேறுபாடு இரு இனங்களுக்கும் பொதுவான மிகப் பழைய மூதாதையிடமிருந்து வந்தது என்று கூர்ப்புக் கொள்கையின் வழியில் பிஷர் முடிவு செய்தார்.

நமது நாவிலுள்ள ஒவ்வொரு சுவையரும்பிலும் 50 முதல் 100 வரையான கலங்கள் உண்டு. கசப்பை உணரும் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. மனிதரில் சுமார் 25 பரம்பரையலகுகள் கசப்பு வாங்கிகளை ஆக்குகின்றன. பொக்ஸின் தூளை உணர்வது அவற்றுள் ஒன்றுதான் என்பது 2003 இல் கண்டறியப்பட்டது. 2006 இல் சிம்பன்சிகளின் அதே பரம்பரையலகை ஆராய்ந்தபோது ஓர் அதிசயம் வெளிப்பட்டது. அவற்றின் விகாரமும் மனிதரின் விகாரமும் ஒன்றல்ல. மனிதரில் புரதத்தின் சில கூறுகள் மாறியிருக்கின்றன. சிம்பன்சியிலோ புரதம் தொடங்கும் இடமே பழுதாகி, குறைப் புரதம் உருவாகிறது. பிஷர் கண்டது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம் பிழை. ஜப்பானின் கீ குடாநாட்டுக் குரங்குகளிலும் இதே பரம்பரையலகு தனியாகப் பழுதடைந்திருப்பது 2010 இல் தெரிந்தது.

பிஷரின் வேறு பிழைகள் இதைவிடப் பாரதூரமானவை. சில மனிதர் பிள்ளை பெறுவதற்கு மற்றவரைவிடத் தகுதியானவர் என்று சொன்ன இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் ஆதரித்தார். 1933 இல் இலண்டனில் அவர் ஏற்ற பேராசிரியர் பதவியே அந்தக் கொள்கையின் பெயரைத் தாங்கியது. இனங்கள் பற்றிய யுனெஸ்கோவின் அறிக்கைக்கும் பிற்காலத்தில் ஆட்சேபம் தெரிவித்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை, புகையிலை நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்துகொண்டே மறுத்தார். அவரே எந்நேரமும் பைப் புகைப்பவர். ஆச்சரியம் என்னவென்றால், இதே மனிதர்தான் 1938 இல் கல்கத்தாவில் நடந்த முதலாவது இந்தியப் புள்ளிவிபரவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், மஹலனோபிஸின் நண்பராக இருந்தார், இந்தியாவின் சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற வழிகாட்டினார்.

1952 இல் சேர் பட்டம் பெற்ற பிஷர், 1962 ஜூலை 29 இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் காலமானார். அவரது நினைவாகக் கேம்பிரிட்ஜ் கல்லூரியில் வைத்திருந்த வண்ணக் கண்ணாடி யன்னலை அகற்ற அக்கல்லூரி 2020 இல் முடிவெடுத்தது.

தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கப் பழகிய நமக்கு, மனிதரைத் தரம் பிரிக்கும் அந்தக் கொள்கை ஏற்புடையதல்ல. ஒரு பெண்ணின் நாவைச் சோதிக்க எட்டுக் கோப்பை வைத்த பிஷர், மனிதரின் தகுதி பற்றிய தமது எண்ணத்தை அதே கவனத்தோடு சோதிக்காமல் போனாரே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. எனினும் அவர் தந்த முறையை நான் விடமாட்டேன். அவரது பிழைகள் சிலவற்றைப் பின்வந்தோர் கண்டுகொண்டதும் அந்த முறையால்தான்.

இந்தக் கதையை ஒரு நாள் இராச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். கோவாவிலும் அந்தத் தூளின் இரசாயன உறவுப் பொருட்கள் உண்டு, ஆகவே சிலருக்கு அது உண்மையாகவே கசக்கும் என்றேன். பாவற்காயின் கசப்பு வேறு, அதற்கு வேறு வாங்கிகள் என்றும் சொன்னேன். தங்கச்சி வெற்றிப் பெருமிதத்தோடு வாப்பாவைப் பார்த்தாள். அப்போதுதான் உம்மா மெதுவாக வாய் திறந்தார். சின்ன வயதிலிருந்தே கோவா தனக்கும் கசப்புத்தானாம். யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம்.

பரிசோதிக்காமல் உறுதி கூற முடியாதுதான். ஆனால் தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கக் கூடிய இயல்பு அது. இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு இரண்டுக்கு இரண்டு.