மூன்று முறை போருக்கு அழைக்கப்பட்ட பந்துவீச்சாளர்

1934 நவம்பர் 20ஆம் திகதி ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள குசனாகி மைதானத்தில், அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர்களுக்கு எதிராகப் பதினேழு வயது இளைஞர் ஒருவர் பந்து வீசினார். அவர் பெயர் எய்ஜி சவமுரா. சில வாரங்களுக்கு முன்புவரை கியோட்டோவில் வர்த்தகப் பாடசாலை மாணவர்.

நம்மூரில் எல்லே ஆடியவர்களுக்கு பேஸ்போல் அவ்வளவு அந்நியமான ஆட்டமல்ல. பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும். மூன்று முறை தவறவிட்டால் ஆட்டமிழப்பு. இதைத்தான் ஸ்ட்ரைக்அவுட் என்கிறார்கள். அன்று சார்லி கெரிஞ்சர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபொக்ஸ் ஆகிய நால்வரையும் சவமுரா அடுத்தடுத்து அப்படி வெளியேற்றினார். அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகம் பயப்படவேண்டிய நான்கு துடுப்பாட்டக்காரர்கள் இவர்கள். மொத்தம் ஒன்பது ஸ்ட்ரைக்அவுட்கள். ஏழாவது இனிங்ஸில் கெரிக் அடித்த ஒரேயொரு ஹோம் ரன் ஆட்டத்தை முடிவுசெய்தது. 1-0 என்று ஜப்பான் தோற்றது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அமெரிக்கர்கள் சர்வசாதாரணமாக வென்றுகொண்டிருந்தார்கள், ரூத் மட்டும் 13 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் ஜப்பானியர்கள் இன்றுவரை பேசுவது தோற்றுப்போன இந்த ஆட்டத்தைப் பற்றித்தான்.

இரு நாடுகளுக்கும் இடையே நட்பை வளர்க்கும் பயணம் என்றுதான் அது சொல்லப்பட்டது. ஆனால் அதே அமெரிக்க அணியில் வந்திருந்த மோ பேர்க் என்ற வீரர், டோக்கியோவில் ஒரு வைத்தியசாலையின் கூரையில் ஏறி நகரத்தைப் படம்பிடித்துச் சென்றார். பயணத்தை ஒழுங்கு செய்த யொமியூரி பத்திரிகையின் உரிமையாளர் மட்சுதாரோ ஷோரிகி, அடுத்த ஆண்டு தீவிர தேசியவாதி ஒருவரால் வெட்டப்பட்டார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அழைத்துவந்ததும் அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. ஷோரிகி உயிர் தப்பினார்.

சவமுரா 1917 பெப்ரவரி 1ஆம் திகதி, இப்போது இசே என்று அழைக்கப்படும் நகரில் பிறந்தவர். மாணவர்கள் தொழில்முறை வீரர்களோடு ஆடக்கூடாது என்று 1932இல் கல்வி அமைச்சு விதி கொண்டுவந்திருந்தது. ரூத்துக்கு எதிராக ஆடவேண்டுமானால் பாடசாலையை விட்டு விலகவேண்டும். அவர் விலகினார். பதினேழு வயதில் யாரும் எடுக்கக்கூடிய முடிவுதான் அது. அதன் விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டாய இராணுவ சேவையிலிருந்து தவணை கிடைத்துவந்தது. 1943வரை அந்தச் சலுகை இருந்தது. சில தொழில்முறை வீரர்கள் அதற்காகவே கல்லூரிகளில் பெயர் பதிந்துகொண்டார்கள். படிப்பைப் பாதியில் விட்ட சவமுராவுக்கு அந்த வாசல் அடைபட்டிருந்தது.

சுற்றுப்பயணம் முடிந்ததும் ஜப்பானின் முதல் நிலையான தொழில்முறை அணியில் சேர்ந்தார். இன்றைய டோக்கியோ யொமியூரி ஜயன்ட்ஸ் அணி அதுதான். 1936இல் தொழில்முறைத் தொடர் ஆரம்பமானது. அந்த ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி ஒசாகா டைகர்ஸ் அணிக்கு எதிராக, முழு ஆட்டத்திலும் ஒருவரையும் பந்தைச் சரியாக அடித்து ஓடவிடாமல் வீசினார். நோ ஹிட்டர் எனப்படும் இந்தச் சாதனையை ஜப்பானியத் தொழில்முறை ஆட்டத்தில் முதலில் நிகழ்த்தியவர் அவரே. 1937 மே 1ஆம் திகதி அதே அணிக்கு எதிராக இரண்டாவது தடவை. அந்த வசந்தகாலப் பருவத்தில் 24 வெற்றி, 4 தோல்வி, 196 ஸ்ட்ரைக்அவுட்கள். ஓர் ஆட்டத்துக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 0.81. தொடரின் முதலாவது மிகப் பெறுமதிமிக்க வீரர் விருதும் அவருக்கே போனது. இடது காலைத் தலையளவுக்கு உயர்த்தி அவர் பந்து வீசும் விதத்தைப் பார்க்கவே சனம் வந்தது.

1938 ஜனவரியில் முதலாவது அழைப்பு வந்தது. சீனாவுக்கு அனுப்பப்பட்டார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. அவர் போனது இன்னொரு நாட்டை ஆக்கிரமித்த படையோடு. அந்தப் படையின் கையில் கிராமம் கிராமமாக அழிந்த சீனர்களுக்கு அவருடைய விளையாட்டுப் புகழ் ஒரு பொருட்டே அல்ல. அவரை வெறுமனே பாதிக்கப்பட்டவராக மட்டும் எழுதும் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. விரும்பிப் போனவர் அல்ல என்பதும் உண்மை, போன இடத்தில் சிப்பாயாக இருந்தார் என்பதும் உண்மை.

பேஸ்போல் பந்து ஏறக்குறைய 145 கிராம். ஜப்பானிய இராணுவத்தின் கைக்குண்டு அதைவிட மூன்று மடங்கு பாரம். அதைத் திரும்பத் திரும்ப எறிந்ததில் சவமுராவின் வலது தோள் கெட்டது. இடது கையைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. மலேரியாவும் பிடித்தது. 1940இல் திரும்பி வந்தபோது தோளுக்கு மேலாகக் கையைச் சுழற்றி வீச முடியவில்லை. பக்கவாட்டாக வீசப் பழகிக்கொண்டார். வேகம் போய்விட்டது, ஆனால் எங்கே வீசவேண்டும் என்ற கணக்கு போகவில்லை. அந்த ஆண்டு ஜூலை 6ஆம் திகதி நகோயா அணிக்கு எதிராக மூன்றாவது நோ ஹிட்டர். என்னைக் கேட்டால், ரூத்தை வெளியேற்றியதைவிட இதுவே பெரிய காரியம்.

1941 பிற்பகுதியில் இரண்டாவது அழைப்பு, இம்முறை பிலிப்பைன்ஸ். 1943இல் திரும்பினார். அதற்குள் ஆட்டமே மாறியிருந்தது. எதிரியின் மொழி என்பதால் ஆங்கிலச் சொற்கள் விலக்கப்பட்டு, ஸ்ட்ரைக் என்பதற்குப் பதில் நடுவர்கள் யொஷி என்றார்கள். வீரர்களின் தொப்பியும் இராணுவத் தொப்பி போலாகியது. சவமுராவின் பந்துகள் இலக்குக்கு அருகிலும் போகவில்லை. அந்தப் பருவத்தில் வெற்றி எதுவுமில்லை, மூன்று தோல்விகள். அவர் கடைசியாகப் பந்து வீசிய நாளும் ஒரு ஜூலை 6ஆம் திகதிதான். 1944இல் ஜயன்ட்ஸ் அணி அவரை விடுவித்தது. எந்த அணிக்காகப் படிப்பை விட்டாரோ அந்த அணி.

அந்த ஒக்டோபரில் மூன்றாவது அழைப்பு. டிசெம்பர் 2ஆம் திகதி, பிலிப்பைன்ஸ் நோக்கிச் சென்ற அவருடைய துருப்புக் கப்பலை யாகுஷிமா தீவுக்கு அப்பால் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. அப்போது அவருக்கு வயது 27. மனைவியும் சிறு மகளும் ஊரில் இருந்தார்கள்.

மொத்தம் 63 வெற்றிகள், 22 தோல்விகள், 554 ஸ்ட்ரைக்அவுட்கள். அந்த 63இல் 47 வெற்றிகள் முதலாவது அழைப்புக்கு முன் வந்தவை.

அவர் மட்டுமல்ல. டைகர்ஸ் அணியில் அவருக்குச் சரிநிகராக நின்ற துடுப்பாட்டக்காரர் மசாரு ககெஉரா 1945இல் பிலிப்பைன்ஸில் இறந்தார். 1943இல் நோ ஹிட்டர் வீசிய ஷினிச்சி இஷிமாரு, தற்கொலைத் தாக்குதல் விமானியாக 1945 மே மாதம் புறப்பட்டுத் திரும்பவில்லை. இவர்களைப் போல் போரில் மாண்ட வீரர்களின் பெயர்கள் டோக்கியோ டோம் மைதானத்தருகே ஒரு நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

1947இல் சவமுராவின் 14ஆம் இலக்கச் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஜயன்ட்ஸ் முடிவெடுத்தது. அதே ஆண்டு அவர் பெயரில் விருதும் தொடங்கியது. ஆண்டின் மிகச் சிறந்த பந்துவீச்சாளருக்கு அது போகிறது. இப்போது அமெரிக்காவில் ஆடும் யொஷினொபு யமமொட்டோ 2021 முதல் 2023வரை தொடர்ந்து மூன்று முறை அதைப் பெற்றார். தகுதியானவர் இல்லையென்றால் விருது கொடுக்கப்படுவதில்லை. 2019இலும் 2024இலும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

குசனாகி மைதானத்தின் முன்னால் இன்று இரண்டு சிலைகள் நிற்கின்றன. ஒன்று பேப் ரூத். மற்றது சவமுரா.