ராபர்ட் பாஷ்

ராபர்ட் பாஷ் (செப்டம்பர் 23, 1861 - மார்ச் 12, 1942) செருமானிய தொழில்முனைவோரும் பொறியாளரும் ஆவார். உந்துப் பொறிகளுக்கான காந்த மின்பொறி மூலம் உலகப் புகழ் பெற்றார். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் முறையின் வரலாற்றில் இவர் நிறுவிய பாஷ் நிறுவனத்திற்கு முக்கிய இடம் உண்டு.

இளமை

பாஷ் தெற்கு செருமனியில் உல்ம் நகருக்கு அருகிலுள்ள அல்பெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள் இவர் பதினோராமவர். தந்தை விடுதி நடத்தியவர், நிலவுடைமையாளர். உல்ம் நகரில் நுண்கருவித் தொழிலைப் பயின்ற பாஷ், பின்னர் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்திலும் இங்கிலாந்தில் சீமென்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார்.

தொழில்

1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அப்போது அவரிடம் ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிச் சிறுவனும் மட்டுமே இருந்தனர். 1887 இல், நிலையாக நிறுவப்பட்ட பொறிகளுக்கான காந்த மின்பொறியைத் தயாரித்தார். காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசையும்போது மின்சாரம் தோன்றும். அந்த மின்சாரம் உண்டாக்கும் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். 1897 இல் இக்கருவி முதன்முறையாக ஒரு மூன்று சக்கர உந்து வண்டியில் பொருத்தப்பட்டது. 1902 இல் இவருடைய பொறியாளர் காட்லொப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்தக் காந்த மின்பொறியைத் தீப்பொறிச் செருகியுடன் உருவாக்கினார். அதன்பின் நிறுவனம் வேகமாக வளர்ந்தது.

1906 இல் தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைநாளை நடைமுறைப்படுத்தினார். முதல் உலகப்போரின்போது ஆயுத உற்பத்தியால் வந்த இலாபத்திலிருந்து பல மில்லியன் மார்க்குகளைப் பொதுப் பணிகளுக்கு வழங்கினார். இவருடைய மகன் ஒருவர் நீண்டகால நோயால் 1921 இல் இறந்தார்.

பூட்டாத பிரேக்

ஓட்டுநர் பிரேக்கைப் பலமாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்கும். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி நிலைகுலைந்து சுழலக்கூடும். இதைத் தடுக்கும் கருவிக்கு 1936 இல் பாஷ் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. வேறு சிலரும் இதற்கு முன்பே இவ்வழியில் முயன்றிருந்தனர். ஆயினும் அக்காலத்து இயந்திர உறுப்புகள் தேவையான விரைவில் இயங்கவில்லை. ஆகவே பாஷின் வாழ்நாளில் இக்கருவி மகிழுந்துகளில் பயன்பாட்டுக்கு வரவில்லை.

குறைகடத்தி மின்னணுவியல் வளர்ந்த பின்னரே இது கைகூடியது. 1978 இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ், மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் வகை மகிழுந்தில் அறிமுகமானது. இம்முறையில் சக்கரத்துடன் ஒரு பல்வளையம் சுழலும். அதன் பற்கள் உணரியின் காந்தத்தைக் கடக்கும்போது கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் தூண்டப்படும். இதுவும் பழைய காந்த மின்பொறியின் மின்காந்தத் தூண்டல் தத்துவமே. மின் துடிப்புகள் வரும் வேகத்தைக் கொண்டு கட்டுப்பாட்டகம் சக்கரத்தின் வேகத்தைக் கணிக்கும். ஒரு சக்கரம் திடீரென மிக விரைவாக வேகம் குறைந்தால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே மின்காந்த அடைப்பிதழ்கள் அச்சக்கரத்தின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் மீண்டும் சுழன்றதும் அழுத்தம் ஏறும். ஒரு நொடிக்குள் பலமுறை இவ்வாறு நிகழும். இதனால் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே தடையை விலகிச் செல்ல முடிகிறது. எனினும் சரளைக்கற்களிலும் புதுப்பனியிலும் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடலாம்.

இழுவைக் கட்டுப்பாட்டு முறை அதே உணரிகளை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறது. வண்டி வேகமெடுக்கையில் இயக்குசக்கரம் வீணாகச் சுழன்றால், அச்சக்கரத்திற்கு மட்டும் பிரேக் இடப்படும் அல்லது பொறியின் விசை குறைக்கப்படும். பாஷ் நிறுவனம் 1986 இல் இதன் உற்பத்தியைத் தொடங்கியது.

இறுதிக்காலம்

நாட்சி ஆட்சியைப் பாஷ் ஏற்கவில்லை. இட்லரை எதிர்த்த கார்ல் கோர்டெலரை 1937 இல் தம் நிறுவனத்தின் ஆலோசகராக அமர்த்தினார். துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்கு நிறுவனத்தின் தலைமை மறைமுகமாக உதவியது. ஆனால் அதே நிறுவனம் படைத்துறைக்கான கருவிகளைத் தயாரித்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஆயிரக்கணக்கானோர் அதன் ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்களாக வேலை வாங்கப்பட்டனர். இவ்விரண்டும் அவர் வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தே பேசப்படுகின்றன.

1940 இல் ஸ்டுட்கார்ட்டில் அவர் பெயரிலான மருத்துவமனை திறக்கப்பட்டது. 1942 இல் அவர் காலமானபோது, அவர் வெறுத்த ஆட்சியே அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. கோர்டெலர் 1945 இல் தூக்கிலிடப்பட்டார். 1964 முதல் நிறுவனத்தின் பங்குகளில் பெரும்பகுதி, பொதுநலப் பணிகளுக்கான ராபர்ட் பாஷ் அறக்கட்டளையின் வசம் உள்ளது.