முப்புரிக் கயிறும் முப்பது வயதுப் பேராசிரியரும்

ஒரு பொறியாளனுக்குப் புரதத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நான் குலசேகரன்பட்டினத்துக்காரன். பனையும் உப்பளமும் கடலும் பார்த்து வளர்ந்தவன். கயிறு திரிக்கிறதைச் சின்ன வயசிலேயே பார்த்தவன். ஏறக்குறைய அதே முறுக்குக் கணக்கை மனித உடம்புக்குள்ளே கண்டு சொன்னவர் ஜி. என். ராமச்சந்திரன். சென்னையில் இருந்துகொண்டே உலக விஞ்ஞானிகளைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். நம் கல்லூரித் தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? தெரியாது என்றால் அது அவர்கள் குற்றமல்ல. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்துவிட்டு, 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது எந்தத் துறையில் தெரியுமா? மின் பொறியியலில்! நம்மைப் போல இன்ஜினியராகப் போயிருக்க வேண்டியவர். அங்கே இருந்த சர் சி. வி. ராமன் இந்தப் பையனின் நாட்டத்தைக் கவனித்து, இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். இருபது வயதுப் பையன் ஒருவனை ஒரு பெரியவர் கூர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையால் ஒரு வாழ்க்கையே திசை மாறியது.

ராமனிடம் ஆராய்ச்சி செய்து 1947-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பிறகு இரண்டு வருஷம் கேம்பிரிட்ஜில் இருந்து 1949-ல் அங்கும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே தங்கிவிடாமல் பெங்களூருக்குத் திரும்பி ஆசிரியரானார்.

அடுத்த திருப்பம் 1952-ல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர் பதவிக்கு ஆள் தேடினார் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். முதலில் ராமனையே அழைத்தார். ராமன் தாம் வரவில்லை என்று சொல்லித் தம் மாணவரைக் காட்டினார். மாணவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அனுபவம் போதாது, வரிசையில் மூத்தவர்கள் இருக்கிறார்கள் என்று தட்டிக் கழிக்க எவ்வளவோ வழி உண்டு. முதலியார் தட்டிக் கழிக்கவில்லை. பதவியையும் கொடுத்தார், ஆராய்ச்சிக் கூடம் அமைக்க ஆதரவும் கொடுத்தார்.

அந்த வருஷமே ஆங்கிலேய விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொல்லாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்ற சேதி அவரிடமிருந்து கிடைத்தது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது கொல்லாஜன்தான். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது மிகவும் தோதாகப் போயிற்று. ஆய்வுக்கு வேண்டிய கொல்லாஜன் அங்கே கிடைத்தது. இளைஞர் கோபிநாத் கர்த்தாவைச் சேர்த்துக்கொண்டு எக்ஸ்-ரே படம் எடுத்து, 1954-லும் 1955-லும் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார். மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பு அது. கயிறு திரிக்கிறவர்களைக் கேளுங்கள், புரியை ஒரு பக்கம் முறுக்கினால் கயிறு எதிர்ப்பக்கம் முறுக்கும், அதனால்தான் பிரியாமல் நிற்கும் என்பார்கள். கொல்லாஜனும் அப்படியே! ஒவ்வோர் இழையும் இடப்பக்கம் திருகும்; மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் திருகும்.

பாராட்டு வந்தது. கூடவே கண்டனமும் வந்தது. இங்கிலாந்தில் கிரிக், ரிச் இருவரும், அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியாது என்று ஆட்சேபித்தார்கள். நாமாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்போம், அல்லது சோர்ந்து உட்கார்ந்திருப்போம். ராமச்சந்திரன் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி அதற்கு ஓர் அளவு கண்டார்கள். அடுத்த வேலை சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற இரண்டு இளைஞர்களோடு நடந்தது.

அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் பெப்டைடு. நீண்டு மடிந்தால் புரதம். சர்க்கரை நோய்க்குப் போடுகிற இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. இந்தச் சங்கிலியில் பெப்டைடுப் பிணைப்பு தகடு மாதிரி விறைப்பானது. தகட்டுக்குத் தகடு நடுவில் இருக்கும் கார்பனின் இரண்டு பக்கமும் மட்டும் கீல் போலத் திரும்பும். அந்த இரண்டு திருப்பக் கோணங்களையும் கட்டம் போட்ட தாளில் குறித்து, எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேசைமேல் வைக்கிற கணக்கு இயந்திரத்தில் தட்டித் தட்டிப் போட்ட கணக்கு அது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அந்தக் கட்டத்தில் கால் பங்குக்கும் குறைவான இடம்தான் தேறியது. 1963-ல் வெளியான அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் அது சரிதானா என்று இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பேர் ஒருவருடையது. கட்டுரையில் மூன்று பேர் பெயரும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மேல்நாட்டுக்குப் போக வசதியில்லாத மாணவர்கள் என்ன செய்வார்கள்? 1963-லும் 1967-லும் சென்னையிலேயே சர்வதேசக் கருத்தரங்குகளை நடத்தி, மேல்நாட்டு அறிஞர்களை இங்கே வரவழைத்தார். புத்தகத்தில் பேர் மட்டும் பார்த்த மனிதர்களை நம் பிள்ளைகள் நேரில் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். கர்த்தா பின்னாளில் அமெரிக்காவில் பஃபலோ நகரில் வேலை பார்த்து, 1967-ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பை வெளியிட்ட குழுவில் ஒருவரானார்.

1969-ல் முதலியார் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் போனார். பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அங்கே சேர்ந்தார்கள். 1973-ல் அங்கு விரிவுரையாளராக வந்த இளைஞர் பி. பலராம், பிற்காலத்தில் பெப்டைடு ஆராய்ச்சியில் உலகறிந்த பேர் ஆனார், அந்தக் கழகத்துக்கே இயக்குநரும் ஆனார். 1971-ல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து ராமச்சந்திரன் எழுதிய கணித முறை சி.டி. ஸ்கேன் படம் உருவாக உதவியது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் எவால்ட் பரிசு. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டு, 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 28-ல் எங்கள் ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இப்போது எங்க பக்கத்துப் பிள்ளைகள் விஞ்ஞானி ஆகணும் என்று தைரியமாகச் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஆசை வேறு, ஐந்து வருஷம் ஆராய்ச்சியில் தாக்குப்பிடிப்பது வேறு. நம் கல்லூரியில் படித்த தம்பி ஒருவன் சென்னையில் பெப்டைடு ஆராய்ச்சி செய்கிறான். உதவித்தொகை நாலு மாசம் வராமல் போனபோது, விட்டுவிட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போகத் துணிந்தான். மூத்த நண்பர் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்த பணத்தில்தான் அவன் அறை வாடகையும் சாப்பாடும் ஓடியது. இன்று அவன் ஆராய்ச்சியில் இருக்கிறான். அந்த நண்பர் இல்லாமல் போயிருந்தால்?

இந்த ஆண்டுச் சங்க நிதியில் கல்லூரி வாசலுக்கு வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வளைவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் வேண்டுகோள் வேறு. ஆராய்ச்சிக்குப் போகும் நம் மாணவர்களுக்கு ஒரு கைகொடுப்பு நிதி வைப்போம். உதவித்தொகை தாமதமானால் மூன்று மாதச் செலவு. கருத்தரங்குக்குப் போக ரயில் கட்டணம். சென்னையிலோ பெங்களூரிலோ போய் இறங்கும் பிள்ளைக்கு அங்கிருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரின் வீட்டு விலாசம். இவ்வளவு போதும், பெரிய தொகை தேவையில்லை.

ராமன் ஒரு பையனை அடையாளம் கண்டார். முதலியார் ஓர் இளைஞரை நம்பினார். அந்த இளைஞர் தம் மாணவர்களை நம்பினார். இந்த மூன்று புரியும் சேர்ந்ததால்தான் கயிறு கெட்டியாக நின்றது. அடுத்த கயிற்றுக்கு ஒரு புரியாவது நம் சங்கம் திரித்துக் கொடுக்கட்டும். பொதுக்குழுவில் இதைப் பேசுவோம், வாருங்கள்.

வாழ்க நம் கல்லூரி!