பொம்மைக் கடையில் கிடைத்த பாடம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைய உண்டு. அங்கே கொலுசு ஒரே உருவாகப் பிறப்பதில்லை. கண்ணி தனி. முத்து தனி. கொக்கி தனி. திருகு தனி. சின்னச் சின்ன உருப்படிகளைச் செய்து, பிறகு கோத்துப் பற்ற வைக்கிறார்கள். உருப்படிகள் சிலதான். ஆனால் கோக்கும் விதத்தை மாற்றினால் புதுப் புது மோஸ்தர்கள் வந்துகொண்டே இருக்கும்.

இதே யுக்தியைக் கொண்டு உலகத்துப் புத்தகங்களை எல்லாம் ஒழுங்காக அடுக்கிவிடலாம் என்று கண்டுபிடித்தார் ஒரு தமிழர். அந்த யுக்தி அவருக்குப் பட்டறையில் கிடைக்கவில்லை. லண்டன் நகரத்தில், குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான் விற்கும் இடத்தில் கிடைத்தது. அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேசும்போது அவருக்கு வாய் திக்கும். அப்படிப்பட்டவர் ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார்! சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்கில் எம்.ஏ. பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, 1917-ல் உத்தியோகத்தில் சேர்ந்தார். மங்களூரிலும் கோயமுத்தூரிலும் வேலை பார்த்துவிட்டு, சென்னை ராஜதானிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். திக்குவாயும் நாளடைவில் சரியாயிற்று.

ஆசிரியர் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் எழுதிக்கொண்டே வருவதுதான் அந்தக் காலத்துக் கல்லூரி வழக்கம். ரங்கநாதனுக்கு அது பிடிக்கவில்லை. மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பித் தாங்களே படித்து வரச் செய்தார். வகுப்பு நேரத்தைப் பேசி விவாதிப்பதற்கு வைத்துக்கொண்டார்.

வேண்டாத வேலை

அந்தச் சமயத்தில் சென்னைச் சர்வகலாசாலைக்கு நூலகர் தேவை என்று விளம்பரம் வந்தது. சம்பளம் அதிகம். நண்பர்கள் தூண்டியதால் மனுப் போட்டார். வேலையும் கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

ஒரு வாரம்கூட அவருக்கு நிலைகொள்ளவில்லை. படிக்க வருகிறவர்கள் மிகக் குறைவு. கேள்வி கேட்க மாணவர்கள் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. நேரே பழைய கல்லூரிக்குப் போய், தம்மைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரின்சிபாலிடம் கேட்டார். நூலகப் படிப்புக்காகச் சீமைக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறது, போய்விட்டு வரட்டும், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பழைய இடம் உண்டு என்று பிரின்சிபால் சமாதானம் சொல்லி அனுப்பினார். நல்ல வேளை, அன்றே சேர்த்துக்கொள்ளவில்லை!

1924 செப்டம்பரில் லண்டன் போனார். அங்கே யூனிவர்சிடி காலேஜில் படித்தார். பரீட்சையில் அவர் வாங்கிய மார்க் சுமார்தான். ஆனால் ஒரு சந்தேகம் அவர் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

அப்போது பெரும்பாலும் அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட முறைப்படிதான் புத்தகங்களுக்கு எண் கொடுத்தார்கள். அது ஒரு சத்திரம் மாதிரி. அறைகளை முன்கூட்டியே கட்டி, நம்பரும் போட்டாகிவிட்டது. புது விருந்தாளி வந்தால் எங்கே தங்க வைப்பது? விஞ்ஞானத்தில் தினம் ஒரு புது விஷயம் பிறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் புது அறை கட்டிக்கொண்டே போக முடியுமா?

திருகாணியும் முக்காற்புள்ளியும்

ஒரு நாள் லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடைக்குப் போனார். அங்கே விற்பனையாள் ஒருவர் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் காட்டிக்கொண்டிருந்தார். லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-ல் கண்டுபிடித்த சாமான் அது. துளை போட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள். அவ்வளவுதான் பெட்டிக்குள். விற்பனையாள் அவற்றை முடுக்கி ஒரு பொம்மை செய்வார். உடனே கழற்றிவிட்டு, அதே துண்டுகளைக் கொண்டு வேறொன்று செய்வார்.

கணக்கு வாத்தியார் ஒருவர் குழந்தை விளையாட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதை ஊர்க்காரர்கள் யாராவது கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ரங்கநாதனுக்கோ சந்தேகம் தீர்ந்துவிட்டது. விஷயங்களுக்கு முழு எண் கொடுக்க வேண்டாம். துண்டுகளுக்கு மட்டும் எண் கொடுத்தால் போதும். வேண்டியபோது வேண்டியபடி முடுக்கிக்கொள்ளலாம். முடுக்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் அதற்குக் கோலன் என்று பெயர். அதனால் அவருடைய முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது.

நுரையீரலில் வரும் காச நோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை செய்வது பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவத்துக்கு 'எல்' என்ற எழுத்து. நுரையீரலுக்கு 45. காச நோய்க்கு 421. சிகிச்சைக்கு 6. எக்ஸ்ரேக்கு 253. இவற்றை வரிசையாகக் கோத்துவிட்டால் புத்தகத்தின் எண் தயார். காச நோய் என்பதைக் கழற்றிவிட்டு வேறு நோயை மாட்டினால் அடுத்த புத்தகத்துக்கு எண் கிடைத்துவிடும். பட்டியலை நெட்டுருப் போட வேண்டியதில்லை. பிரிக்கவும் கோக்கவும் தெரிந்தால் போதும்.

1925-ல் ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே தம் முறைப்படி மாற்றி அடுக்கிப் பார்த்தார். அதன் பிறகு பழைய கல்லூரி வேலையை அவர் நினைக்கவே இல்லை. இருபது ஆண்டுகள் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. முதல் மனைவி ருக்மணி 1928-ல் இறந்துபோனார். மறு வருஷம் சாரதா அம்மையாரை மணந்துகொண்டார். அன்றுகூடத் தாலி கட்டிய கையோடு நூலகத்துக்குத் திரும்பிவிட்டார் மாப்பிள்ளை! சாரதா அம்மையாரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுபடியும் ஆசிரியர்

விட்டுப்போன வாத்தியார் வேலை வேறு உருவில் அவரைத் தேடி வந்தது. 1929-ல் சென்னை நூலகச் சங்கம் நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. 1931-ல் சர்வகலாசாலை அதை ஏற்றுக்கொண்டது. பாடம் சொன்னவர் ரங்கநாதன். பொம்மைக் கடையில் பிறந்த யோசனை சர்வகலாசாலைப் பாடமாயிற்று. பின்னாளில் எழுதும்போதும் மெக்கானோவை அவர் மறைக்கவில்லை. பெருமையாகவே சொல்லிக்கொண்டார். 1947-ல் தில்லிச் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் மாணவர்களும் நூலகர்களும் கூடி விவாதிப்பது வழக்கமாயிற்று.

அவருடைய கோலன் பகுப்பு முறை 1933-ல் புத்தகமாக வந்தது. அவருடைய முயற்சியால் 1948-ல் சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குவது அந்தச் சட்டத்தினால்தான். ஊர் ஊராகக் கிளை நூலகங்கள் ஏற்பட்டதும் அந்தக் காசில்தான். 1956-ல், தாம் சேர்த்த பணத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்குக் கொடுத்து, நூலகக் கல்விக்கு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். 1957-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1965-ல் தேசீயப் பேராசிரியர் ஆனார்.

இன்று கோலன் எண் போடும் நூலகங்கள் குறைவு. ஆனால் விஷயத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துத் தேடும் வழி கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. கடைச் சாமானை விலை, நிறம், அளவு என்று பிரித்துத் தேடுகிறோமே, அதுவும் அந்த இனம்தான்.

ரங்கநாதன் கடைசிவரை தம் முறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். 1972 செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூரில் காலமானார். கோலன் பகுப்பு முறையின் ஏழாம் பதிப்பு 1987-ல்தான் வெளிவந்தது.